தினமும் ஓடிப்போனவள்

கள்ளுக்கடைக்குப் போகிறவனை எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. கல்பாலத் தோட்டத்தில் மாலை நான்கு மணி ஆகிவிட்டால் ஆண்கள் சாரைசாரையாக அந்தக் கொட்டகைக்குப் போவார்கள். திரும்பும்போது ஒருவன் பாடுவான், ஒருவன் அழுவான், ஒருவன் சாக்கடையில் கிடப்பான். அதற்கெல்லாம் கேள்வி கிடையாது. கொட்டகையைப் போட்டுக்கொடுத்ததே தோட்ட நிர்வாகம்தான். ஆனால் இருளாயி என்கிற பால்வெட்டுக்காரி அதற்கு எதிர்த்திசையில் கல்பாலம் வரைக்கும் ஓடிவிட்டு, போன வழியே வீடு திரும்பினாள் அல்லவா, அதற்குத்தான் தோட்டமே மூக்கில் விரலை வைத்தது.

மலாய் நாட்டுச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஆறு மைல் உள்ளே இருந்தது அந்த ரப்பர் தோட்டம். வெள்ளைக்காரன் வைத்த பெயர் வாயில் நுழையாது. எல்லை ஓடையின் மேல் ஒரு கல்பாலம் இருந்ததால் நம்மவர்களுக்கு அது கல்பாலத் தோட்டம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம் கார்த்திகையில், இருளாயியின் ஒரே மகள் செல்லாயி குளிர்காய்ச்சலில் போய்விட்டாள். மூன்று வயது. காலையில் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மரம் வெட்டப் போனவள் பால் வாளியோடு திரும்பியபோது பிள்ளையின் கண் நிலைகுத்தியிருந்தது. மறுநாள் அடக்கம். அதற்கு மறுநாள் விடியும் முன்னே, ஆள் எண்ணுகிற பிரட்டுக் களத்தில் நின்று, கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிட்டபோது "இருக்கேன்" என்று சொன்னாள். அழுது முடிக்க அவளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள்.

வேலையைக் கைகள் தாமாகவே செய்தன. மரத்தில் கோடு போடும், பால் வடிந்த மங்குக் கிண்ணத்தைக் கவிழ்த்து வாளியில் ஊற்றும். வேலை முடிந்து, வரிசை வீடுகளான லயத்துக்கு வந்தால் பாயில் சுவரைப் பார்த்துப் படுப்பாள். தலை வாரவில்லை. சோறு தொண்டையில் இறங்கவில்லை. சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்த ஒரு இடம் உண்டு, அதையே பார்த்துக்கொண்டு கிடப்பாள். தோட்டத்து மருந்துக்காரர் வந்து நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கொடுக்கிற காய்ச்சல் மருந்து கொயினாவையே அவளுக்கும் கொடுத்தார். மனசு விட்டுப்போனவளுக்கும் கொயினா, கால் வீங்கினவனுக்கும் கொயினா!

லயத்துப் பெண்கள் நல்லவர்கள்தான். அவர்களுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் சொன்னார்கள். "ரெண்டு மங்கு கள்ளு குடி புள்ள, தூக்கம் வரும்" என்றார்கள். புருஷன் பிச்சைமுத்து தானே வாங்கி வந்து கொடுத்தான். அவனுக்கும் அதுதான் மருந்து. குடித்தால் தூக்கம் வரத்தான் செய்தது. ஆனால் நடுவில் விழிப்புத் தட்டும்போது துக்கம் இரண்டு மடங்காகத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது. அப்படியே இரண்டு மாதம் போனது.

மூன்றாம் மாதம் ஒரு நாள் பதினோரு மணிக்கு வானம் இருண்டது. பாலில் மழை விழுந்தால் அவ்வளவும் பாழ். ஒவ்வொரு மர நிரையிலும் கூச்சல் கிளம்பியது. இருளாயியும் தோளில் காண்டாக் கம்பைப் போட்டு, இரண்டு பக்கமும் வாளியைத் தொங்கவிட்டு, பால் கொட்டகைக்கு ஓடினாள். அரை மைல் தூரம். மேடும் பள்ளமுமான வழியில் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஓடிப்போய்ப் பாலைக் கொட்டிவிட்டு, தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். நெஞ்சு உள்ளே தடதடவென்று அடித்தது. இத்தனை நாள் அந்த இடத்தில் ஒரு நெஞ்சு இருந்ததே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

அன்று அவளுக்குப் பசித்தது. தட்டு நிறையச் சோறு போட்டு, கருவாட்டுக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குப் பசி வேறா என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கத்தோடேயே பாயில் சாய்ந்தவள், கள்ளைத் தொடாமல் விடிகிறவரைக்கும் தூங்கினாள்.

மறுநாள் மழை இல்லை, ஓட்டம் இல்லை, பழைய சுவர்தான். அதற்கும் மறுநாள் அப்படியே. நான்காம் நாள் இருளாயி யோசித்தாள். எழுத்துத் தெரியாதவள்தான், ஆனால் எந்த மரத்தில் எப்போது பால் வரும், எப்போது நிற்கும் என்று பட்டையைப் பார்த்தே சொல்லக்கூடியவள். தன் உடம்பைப் பார்த்துச் சொல்ல முடியாதா? அன்று வேலை முடிந்து, வாளியைக் கழுவி வாசற்படி ஓரம் கவிழ்த்தாள். கவிழ்த்த கையோடு, உள்ளே போகாமல், கல்பாலத்துச் செம்மண் பாதையில் இறங்கிவிட்டாள்.

முதல் நாள் கங்காணி வீட்டு வளைவிலேயே மூச்சு முட்டியது. திரும்பி நடந்து வந்தாள். பத்து நாளில் பெரிய மாமரம் வரைக்கும் போனாள். ஒரு மாதத்தில் பாலம். கொஞ்ச தூரம் ஓடுவாள், கொஞ்ச தூரம் நடப்பாள். தனக்குத் தானே ஒரே ஒரு கட்டளை போட்டுக்கொண்டாள்: வாளியைக் கவிழ்த்தால் கால் கிளம்ப வேண்டும். உடம்பு முடியாத நாளில் தூரத்தைக் குறைத்துக்கொள்ளலாம், கிளம்பாமல் மட்டும் இருக்கக் கூடாது. பிள்ளையின் முகம் கண்ணிலேயே நின்ற ஒரு நாளில் லயத்தின் கடைசி வீடு வரைக்கும் போய்த் திரும்பினாள். அதையும் போனதாகவே வைத்துக்கொண்டாள்.

திரும்பி வருகிற வழியில் சாக்கடை ஓரத்துக் கீரையைக் கிள்ளிக்கொண்டு வருவாள். ஓடையில் குளித்துத் தலை வாரினாள். கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். துக்கம் எங்கேயும் போய்விடவில்லை, அது அதே வீட்டில்தான் இருந்தது. ஆனால் அதற்கு ஒரு மூலையில் இடம் விட்டுவிட்டு இவளால் அடுப்பைப் பற்றவைக்க முடிந்தது. ஒரு நாள் பக்கத்து வீட்டு நவமணி ஏதோ சொல்ல, இருளாயி வாய்விட்டுச் சிரித்தும்விட்டாள்.

அந்தச் சிரிப்பைத்தான் தோட்டம் பொறுத்துக்கொள்ளவில்லை.

பிள்ளை செத்து ஆறு மாதம் ஆகவில்லை, சிரிக்கிறாளாம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுகிறாளாம். பாலத்துக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறான் என்று கேட்டார்கள். அந்தப் பக்கம் இருந்தது ஒரு சீனக் கிழவரின் காய்கறித் தோட்டமும் இரண்டு பன்றிகளும். அதைப் போய்ப் பார்க்க ஒருவருக்கும் காலில்லை, வாய் மட்டும் இருந்தது. கடைசியில் ஒரு பட்டம் கட்டினார்கள்: ஓடுகாலி. புருஷனை விட்டுப் போகிறவளுக்கு வைத்த அந்தப் பேரை, புருஷனுக்குச் சோறு ஆக்க நேரத்துக்குத் திரும்பி வருகிறவளுக்கு வைத்தார்கள்.

கங்காணி இராமசாமிதான் அந்தப் பேரை முதலில் சத்தமாகச் சொன்னவர். ஊரிலிருந்து ஆள் கட்டி அழைத்து வந்தவர் அவர். தன் கூட்டத்துப் பெண்கள் எப்படி நிற்க வேண்டும், எப்படி நடக்க வேண்டும் என்பதெல்லாம் தன் பொறுப்பு என்று நினைப்பு. பிச்சைமுத்துவைக் கள்ளுக்கடையில் வைத்தே கேட்டார்.

"என்னடா, ஒம் பொண்டாட்டி எவன் பின்னாடி ஓடுறா?"

அவன் வீட்டுக்கு வந்து தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தான். "நிறுத்திடேன் புள்ள. ஆம்பளைங்க மத்தியில தல காட்ட முடியல."

"நீ கள்ளுக்கடைக்குப் போறத நிறுத்துறியா?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற? நீ போய் வந்தா வாந்தி எடுக்குற. நான் போய் வந்தா சோறு ஆக்குறேன். அதானே வேற?"

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். கெட்டவன் அல்ல. ஆனால் அவன் வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் எல்லாம் அது மூடியே இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

கல்பாலத்தில் காவல் இருந்தவர் மாட் நோர் என்கிற மலாய்க்காரர். ஜாகா வேலை. எல்லையைத் தாண்டுகிறவர்களைப் பார்த்துவைத்து, வாராவாரம் கிராணியிடம் சொல்ல வேண்டும். இருளாயியின் ஓட்டம் அவருக்குப் பிடித்திருந்தது. பாலத்துக் கல்லைத் தொட்டுவிட்டு அவள் திரும்பும்போது, "குவாட்! குவாட்!" என்று கையைத் தட்டுவார். பலசாலி என்று அர்த்தம். அந்த வாரம் கிராணி விசாரித்தபோது அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இருளாயி, ஹாரி-ஹாரி லாரி." தினமும் ஓடுகிறாள் என்று பாராட்டியிருக்கிறார். மேலே இன்னொரு வார்த்தையும் சொல்லியிருக்கிறார்.

லாரி என்றால் மலாயில் ஓட்டம். ஆனால் கிராணியின் புத்தகத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு: தோட்டத்தை விட்டு ஓடிப்போன ஆள். அதற்கென்றே ஒரு கட்டம் இருந்தது. கிராணி பேனாவை எடுத்துக்கொண்டு கங்காணியைப் பார்த்தார். "ஆமாமா, ஓடுகாலிதான், எழுதுங்க" என்றார் கங்காணி. ஒரு மலாய்ச் சொல்லும் ஒரு தமிழ்ச் சொல்லும் கூட்டுச் சேர்ந்து ஒரு பெண்ணின் பேரை அடித்துவிட்டன. துரை அடியில் கையெழுத்துப் போட்டார். அவர் எதைப் படித்துக் கையெழுத்துப் போட்டார்?

திங்கட்கிழமை பிரட்டு. விளக்கு வெளிச்சத்தில் வரிசையாகப் பெண்கள் நின்றார்கள். நவமணி பேர் வந்தது, அடுத்து இருளாயி பேர் வர வேண்டும், வரவில்லை. கிராணி அடுத்த பேருக்குப் போய்விட்டார்.

"ஐயா, எம் பேர் விட்டுப்போச்சு."

கிராணி தலையை நிமிர்த்தாமல் விரலை வைத்துத் தேடினார். "இருளாயி... நீ லாரி. ஓடிப்போயிட்ட."

"நான் இங்கதானே நிக்கிறேன்!"

"நிக்கிற, தெரியுது. ஆனா புஸ்தகத்துல ஓடிப்போயிட்ட. தொர கையெழுத்தும் ஆயிருச்சு."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். இருளாயிக்குச் சிரிப்பு வரவில்லை. பேர் இல்லாதவளுக்கு வேலை இல்லை, அரிசி இல்லை. பேர் இல்லாதவள் தோட்டத்தில் இரவு தங்கவும் கூடாது. பொழுது சாய்வதற்குள் வெளியே போக வேண்டும், அதுதான் சட்டம். கண்ணெதிரே நிற்கிற ஆளைவிடக் காய்ந்துபோன மை பெரிதாகிவிட்டது.

கங்காணி முன்னால் வந்தார். குரலில் தேன் வடிந்தது. "நான் தொரகிட்ட பேசி உன் பேரை மறுபடி ஏத்துறேன். ஆனா ஒண்ணு. மாரியம்மா சூலத்தத் தொட்டு, இனிமே ஓட மாட்டேன்னு எல்லார் முன்னாடியும் சத்தியம் பண்ணு. அவ்ளோதான்லா."

"பண்ணிடு புள்ள" என்றான் பிச்சைமுத்து, ஆண்கள் வரிசையிலிருந்து. அன்று அவன் வாயிலிருந்து வந்த ஒரே பேச்சு அது.

இருளாயி அவனைப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு அவன் தெரியவில்லை, சுண்ணாம்பு பெயர்ந்த சுவர் தெரிந்தது. சூலத்தைத் தொட்டால் தொட்டதுதான், அவள் பொய்ச் சத்தியம் செய்கிற ஜாதி இல்லை. சத்தியம் செய்தால் பேர் வரும், வீடு வரும், அரிசி வரும். மத்தியானம் வாளியைக் கவிழ்த்தபின் பாய் வரும். அந்தப் பாயில் மறுபடி படுத்தால் இனி எழுந்திருக்க மாட்டோம் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. உயிரைப் பிடித்து வைத்திருந்த ஒரே கயிற்றை அறுத்துக் கொடுத்துவிட்டுச் சோறு வாங்கிக்கொள் என்கிறார்கள். ஆறு மாதமாக நெஞ்சில் அடைத்திருந்தது பொங்கிக்கொண்டு வந்தது. ஆனால் அது அழுகையாக வரவில்லை, கோபமாக வந்தது.

"கிராணியாரே, யாரு சொன்னா நான் ஓடிப்போனேன்னு?"

"மாட் நோர்தான். தெனமும் ஓடுறியாமே."

"தெனமும் ஓடிப்போறவ தெனமும் எப்படிங்க பெரட்டுக்கு வந்து நிப்பா?"

கிராணியின் பேனா நின்றது. முந்தின நாள் இரவுக் காவலும் சேர்த்துப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுக்க வந்திருந்த மாட் நோர், விளக்கும் கையுமாக அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். தன் பேர் அடிபடுவதைக் கேட்டுப் பதறி முன்னால் வந்தார். "துவான், நான் லாரின்னேன், பாலிக்னும் சொன்னேனே! லாரி, பாலிக். ஹாரி-ஹாரி பாலிக்!" பாலிக் என்றால் திரும்பி வருவது. அந்த மனிதர் முழு வாக்கியம் சொல்லியிருக்கிறார், கிராணி பாதி காதால் கேட்டுப் பாதியை எழுதியிருக்கிறார்.

"பாலிக்குக்குப் புஸ்தகத்துல கட்டம் கெடையாது" என்றார் கிராணி. உண்மைதான். போனவர்களுக்குக் கட்டம் உண்டு, செத்தவர்களுக்கு உண்டு. திரும்பி வந்தவர்களுக்கு என்று எவனும் கோடு போட்டு வைக்கவில்லை.

"இவ எங்க திரும்புறது! ஒரு நாளைக்கு இல்லாட்டி ஒரு நாளைக்கு ஓடித்தான் போவா" என்றார் கங்காணி.

இருளாயி காண்டாக் கம்பைத் தோளிலிருந்து இறக்கினாள். இரண்டு வாளியையும் களத்தின் நடுவில் கவிழ்த்தாள். "இப்ப ஓடுறேன். எல்லாரும் பாத்துக்கிங்க. திரும்பி வரலன்னா ஓடுகாலின்னு கல்லுல வெட்டி வைங்க."

சேலையைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். பின்னால் கிராணி கத்தினார். "நேரம் ஆகுது! போங்க, நிரைக்குப் போங்க எல்லாரும்!" நவமணி அசையவில்லை. தன் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் சாவகாசமாக உட்கார்ந்தாள். "அக்கா வரட்டும்லா" என்றாள். இன்னொருத்தி உட்கார்ந்தாள். பட்டம் கட்டின வாய்க்காரிகளில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். பன்னிரண்டு வாளிகள் கவிழ்ந்தன. விடிந்து வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓடாது, பால் குறைந்தால் துரை கிராணியைத்தான் பிடிப்பார். கிராணியின் முகம் வெளுத்தது.

இருளாயி இதை எதையும் பார்க்கவில்லை. பொழுது புலர்ந்துகொண்டிருந்தது. கங்காணி வீட்டு வளைவு போனது, மாமரம் போனது. மாமரத்துக்கு அப்பால், பாதையின் இடப்பக்கம்தான் செல்லாயியைப் புதைத்த இடம். இத்தனை மாதமும் அந்த இடம் வந்தால் முகத்தை வலப்பக்கம் திருப்பிக்கொண்டு ஓடியவள், இன்று திருப்பவில்லை. மண் மேட்டில் புல் முளைத்திருந்தது. பார்த்துக்கொண்டே ஓடினாள், பார்த்துக்கொண்டே அழுதாள், கால் நிற்கவில்லை. பாலத்துக் கல்லைத் தொட்டாள். திரும்பினாள்.

களத்துக்கு வந்தபோது முதலில் கேட்டது மாட் நோரின் குரல். "பாலிக்! பாலிக்!" என்று விளக்கைத் தூக்கி ஆட்டினார். பெண்கள் வாளிகளை விட்டு எழுந்தார்கள். இருளாயி கிராணியின் மேசைக்கு முன்னால் வந்து, இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினாள்.

"வந்துட்டேன். எழுதுங்க."

கிராணி வியர்வையைத் துடைத்தார். அடித்த பேரைத் துரை இல்லாமல் திரும்ப எழுத முடியாது. கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின்பக்கத்துத் தாளைப் புரட்டினார். "புது ஆளுன்னுதான் எழுத முடியும். புது ஆளுக்குக் கடைசி நிரைதான், சதுப்புப் பக்கம். சம்மதமா?"

ஐந்து வருஷம் வெட்டிப் பழகிய மரங்கள் போயின. அட்டையும் கொசுவும் மொய்க்கிற சதுப்பு வந்தது. தப்பு செய்தது கிராணியின் பேனா, சதுப்பில் இறங்க வேண்டியது இவள். அந்த அநியாயம் அவளுக்குப் புரியாமல் இல்லை.

"சம்மதம்."

"பேர்?"

"இருளாயி."

"எங்கேர்ந்து வர்றே?"

"பாலத்துலேர்ந்து."

நவமணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கிராணி அதையும் எழுதினார். பிறகு கேட்க வேண்டியதை வழக்கம்போலக் கேட்டுவிட்டார்: "பிள்ளைங்க?"

கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஆறு மாதமாகப் பிள்ளையின் பேரை அவள் காதில் படும்படி யாரும் சொன்னதில்லை, அவளும் சொன்னதில்லை. சொன்னால் விழுந்துவிடுவாள் என்று எல்லாரும் பயந்தார்கள். அவளும் பயந்திருந்தாள். பிச்சைமுத்து தலையைக் குனிந்துகொண்டான்.

இருளாயிக்கு இன்னும் மூச்சு இரைத்தது. நெஞ்சு தடதடவென்று அடித்தது. அவள் விழவில்லை.

"ஒண்ணு இருந்துச்சு. பொம்பளப் புள்ள. பேரு செல்லாயி, மூணு வயசு. எழுதுங்க, கிராணியாரே."

கிராணி எழுதினார். கங்காணிக்குத்தான் பொறுக்கவில்லை. அவர் சொல் களத்தின் நடுவில் எடுபடாமல் போனதே! "இன்னைக்குத் தப்பிச்சிட்ட. நாளைக்கும் ஓடினா?"

இருளாயி குனிந்து வாளிகளை நிமிர்த்தி, காண்டாக் கம்பைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"நாளைக்கும் வருவேன், கங்காணியாரே. நாளைக்கும் புதுசா எழுதிக்கிங்க."